துள்ளிய பிறகு ஸ்டிக்கைத் தள்ளாதீர்கள்

கிளைடரில் தனியாகப் பறக்கும் மாணவர் தரையிறங்கும்போது விபத்து நேர்ந்தால், 'பதறிவிட்டார்' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பதற்றம் கடைசியில் வருவது. அதற்கு முன்பே வேகக் கணக்கு பிசகியிருக்கும். பல நாடுகளில் பயிற்சிக்குப் பயன்படும் ஏஎஸ்கே 21 ரகத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் வெற்று எடை சுமார் 360 கிலோ. பின் இருக்கையிலிருந்து 80 கிலோ எடையுள்ள பயிற்றுநர் இறங்கிவிட்டால், பறக்கும் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். பழகிய அதே வேகத்தில் இறங்கினாலும், இலகுவான கிளைடர் தரைக்குச் சற்று மேலே நெடுநேரம் மிதந்துகொண்டே போகும். வழக்கமான இடத்தில் சக்கரம் தொடவில்லையே என்று மாணவர் கட்டுப்பாட்டுத் தண்டான ஸ்டிக்கை லேசாக முன்னே தள்ளுகிறார். மூக்குச் சக்கரம் முதலில் மோதி, கிளைடர் துள்ளி எழுகிறது. மூக்கு உயர்ந்ததைக் கண்டு மறுபடி தள்ளுகிறார். கண் பார்த்துக் கை அசைவதற்குள் கிளைடர் தானாகவே கீழ்நோக்கித் திரும்பியிருக்கும். அந்தத் தள்ளலும் சேர்ந்துகொள்ள, இரண்டாவது மோதல் முதலாவதைவிடக் கடுமையாகிறது.

இதில் உடைவது சக்கரமும் வால்பகுதியும் மட்டுமல்ல. கிளைடரில் விமானி கால் நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்; இருக்கைக்கும் தரைக்கும் இடைவெளி மிகக் குறைவு. அதிர்ச்சி நேராக முதுகெலும்புக்கு ஏறி, கீழ்முதுகு எலும்பு நசுங்கிவிடுவதும் உண்டு. சாதாரணப் பஞ்சு மெத்தை அழுந்தித் திருப்பி உதைப்பதால் ஆபத்தைக் கூட்டவே செய்யும். அதிர்வை உள்வாங்கி மெல்ல மீளும் நுரை மெத்தைக்குச் செலவழிப்பது வீண் செலவல்ல.

துள்ளல் சிறிதாக இருந்தால் மூக்கைத் தரையிறங்கும் நிலையிலேயே பிடித்துக்கொண்டு, ஏர்பிரேக்கை அசைக்காமல் காத்திருந்தால் போதும். உயரமாக எழும்பிவிட்டால் ஏர்பிரேக்கைக் குறைத்து, வேகம் விழாதபடி மூக்கைச் சமநிலைக்குக் கொண்டுவந்து, மீண்டும் நிதானமாக இறக்க வேண்டும். அந்த உயரத்தில் ஏர்பிரேக்கின் நீலக் கைப்பிடியை முழுக்க இழுப்பதுதான் மிகப் பெரிய தவறு. இறக்கையின் தூக்குவிசை சட்டென்று குறைந்து கிளைடர் கல்லாக விழும்.

'இன்னும் சில முறை பயிற்றுநரோடு பறந்திருந்தால் இது நடந்திருக்காதே' என்பார்கள். எண்ணிக்கை மட்டும் கூடிப் பயனில்லை. பின்னால் இருப்பவர் தம்மையறியாமல் ஸ்டிக்கைத் தொட்டுத் திருத்திக்கொண்டிருந்தால், அந்தத் திருத்தத்தையும் மாணவர் தம் திறமையாகவே எண்ணுவார். சிமுலேட்டர் போதும் என்ற வாதமும் அரைகுறைதான்: சுற்றுப்பாதையையும் உயரத்தையும் கணிக்க அது உதவும், கடைசி இரண்டு மீட்டரில் உடல் உணரும் இறக்கத்தை அது சொல்லித் தராது. தனிப் பறப்பே வேண்டாம் என்பது சரியல்ல. முடிவெடுக்கும் பழக்கம் அதில்தான் உருவாகிறது. இயந்திர விமானம்போல் மறுபடி மேலேறிச் சுற்றிவர கிளைடரில் வழியில்லை என்பதால், அந்த முடிவுகளைத் தரைக்கு வெகு முன்பே எடுத்தாக வேண்டும். காற்று பலமாக இருந்தால் இறங்கும் வேகத்தோடு காற்றின் வேகத்தில் பாதியைக் கூட்டுவதும் அவற்றில் ஒன்று.

பயிற்றுநர்களுக்கு ஒரு வேண்டுகோள். தனியே அனுப்புவதற்கு முந்தைய பறப்புகளில், ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்துவிட்டதை வாய்விட்டுச் சொல்லுங்கள். எடை குறைந்தால் கிளைடர் எப்படி மிதக்கும் என்பதைத் தரையிலேயே விளக்குங்கள். துள்ளினால் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒருமுறையாவது மாணவரே சொல்லக் கேட்ட பிறகு அனுப்புங்கள்.