பழைய காரில் மறைக்கப்பட்ட குறை: வாங்கியவரின் உரிமை என்ன?



ஃபிக்ஹு கிதாபுகளில் வியாபாரப் பாடத்தில் "கியாருல் ஐப்" என்று ஒரு தலைப்பு வரும். வாங்கிய பொருளில் குறை தெரியவந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கவோ வைத்துக்கொள்ளவோ வாங்கியவருக்கு இருக்கும் உரிமை என்பது அதன் பொருள். மதரஸாவில் இதை ஓதும்போது ஒட்டகம், குதிரை, துணி என்று உதாரணங்கள் வரும். இன்று இந்தப் பாடம் அதிகம் தேவைப்படும் இடம், நம் ஊர்களில் பழைய கார் விற்கும் கன்சல்டிங் கடை.

நடப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டிய வண்டி, ஒரு ரூபாய் செலவில்லை என்பார்கள். (தமிழ்நாட்டில் இத்தனை டாக்டர்கள் இத்தனை கார்களை விற்றார்களா என்று யாரும் கேட்பதில்லை.) வெளிநாட்டில் பாடுபட்டுச் சேர்த்த பணத்தைக் கொடுத்து ஒரு சகோதரர் வாங்குகிறார். பத்தாம் நாள் பைபாஸில் புகை தள்ளி வண்டி நின்றுவிடுகிறது. கடைக்குப் போனால், "பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும் பாய், பார்த்துத்தானே வாங்குனீங்க" என்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் பெரியவர்கள், "போனது போகட்டும், ஸபுர் செய்" என்கிறார்கள்.

இந்த இரண்டு பதில்களும் தவறானவை. முதலாவது, விற்பவரின் கடமையை வாங்குபவரின் தலையில் கட்டுகிறது. இரண்டாவது, ஸபுர் என்பதையே தவறாகப் புரிந்துகொள்கிறது. அல்லாஹ்வின் விதியை ஏற்றுப் பொறுமையாக இருப்பது ஒன்று. மார்க்கம் தந்த உரிமையைக் கேட்காமல் விடுவது வேறொன்று. மன்னித்து விட்டுக்கொடுத்தால் நன்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கேட்கவே கூடாது என்று யாரும் சொல்ல முடியாது.

நனைந்த தானியம்

நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. என்ன இது என்று கேட்டார்கள். மழை பட்டுவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது.

கொஞ்சம் நின்று யோசியுங்கள். மழை பெய்தது அந்த வியாபாரியின் குற்றமல்ல. நனைந்த தானியத்தை விற்கக் கூடாது என்றும் அவரிடம் சொல்லப்படவில்லை. நனைந்ததை அடியில் தள்ளிக் காய்ந்ததை மேலே பரப்பியதுதான் குற்றம்.

சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் எத்தனையோ கார்கள் தண்ணீரில் மூழ்கின. அப்படி மூழ்கிய வண்டியைச் சரிசெய்வது கட்டுப்படியாகாது என்று இன்சூரன்ஸ் கம்பெனி முடிவு செய்தால், அது ஏலத்துக்குப் போகும். வாங்குபவர் காயவைத்து, சீட் கவர் மாற்றி, பாலிஷ் போட்டு, வேறு ஊரில் விற்பது நடக்கிறது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் அது ஹலாலான வியாபாரம். சொல்லாமல் விற்றால் அது அந்த நனைந்த தானியமேதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை அங்கே ஒளிந்திருக்கும். சீட்டுக்கு அடியில் உள்ள கம்பிகளில் துரு, தரை விரிப்பைத் தூக்கினால் ஈர வாடை, ஹெட்லைட்டுக்குள் நீராவி படிந்த தடம், இவற்றையும் பாருங்கள்.

கட்டப்பட்ட மடியும் குறைக்கப்பட்ட மீட்டரும்

அன்றைய அரபுகளிடம் ஒரு தந்திரம் இருந்தது. ஆட்டையோ ஒட்டகத்தையோ விற்பதற்கு முன் சில நாட்கள் பால் கறக்காமல் மடியைக் கட்டிவைப்பார்கள். மடி பெருத்திருப்பதைப் பார்த்து, நிறையப் பால் தரும் என்று நம்பி வாங்குவார்கள். நபி (ஸல்) அவர்கள் இதைத் தடுத்தார்கள். அப்படி ஏமாந்து வாங்கியவர், கறந்து பார்த்த பின் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் ஒரு ஸாவு பேரீச்சம்பழத்துடன் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார்கள். தீர்வின் விவரத்தில் இமாம்களுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது ஏமாற்று என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

ஒரு லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய டீசல் வண்டியின் மீட்டரை நாற்பத்தைந்தாயிரம் என்று காட்டவைப்பது இதே மடி கட்டும் வேலைதான். பொருளில் பொய் இல்லை, வாயாலும் பொய் சொல்லவில்லை. மீட்டர் சொல்கிறது, அவ்வளவுதான் என்று சமாதானம் சொல்வார்கள். மடி கட்டியவரும் வாயைத் திறந்து பொய் சொல்லவில்லையே! பிரேக், கிளட்ச் பெடல்களின் ரப்பர் தேய்ந்து, ஸ்டியரிங் வழுவழுப்பாகி, மீட்டர் மட்டும் குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு ஆண்டு. முப்பதாயிரம்தான் ஓடியது என்று சொல்லப்படும் வண்டியில் நான்கு டயரும் ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தால், ஏன் என்று கேளுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் விவரத்தைக் கேட்டு வாங்குவது இதைவிட உறுதியானது.

எது குறை, எது குறையல்ல

வாங்கியவர்களும் நியாயமாக இருக்க வேண்டும். வியாபாரிகளின் வழக்கத்தில் எது ஒரு பொருளின் விலையைக் குறைக்குமோ அதுதான் குறை என்று ஹனஃபி இமாம்கள் வரையறுக்கிறார்கள். பத்து வருட வண்டியில் கிளட்ச் பிளேட் தேய்ந்திருப்பது அந்த வயதுக்கு இயல்பு. அதற்காகப் பஞ்சாயத்துக்கு வராதீர்கள். விபத்தில் சேஸிஸ் வளைந்து நிமிர்த்தப்பட்டது, இன்ஜின் மாற்றப்பட்டது, வெள்ளத்தில் மூழ்கியது, கடன் பாக்கி இருப்பது ஆகியவை குறை. விற்பனையின் போதே சொல்லப்பட்ட குறைக்கும், நீங்களே பார்த்துச் சம்மதித்த குறைக்கும் பிறகு உரிமை கோர முடியாது.

குறை தெரிந்தவுடன் செய்ய வேண்டியதில்தான் நம் மக்கள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் தாமதமின்றி உடனே திருப்பிக் கொடுக்க முன்வர வேண்டும். ஹனஃபி மத்ஹபில் அந்த அளவு அவசரம் இல்லை. ஆனால் குறை தெரிந்த பிறகும் சொந்தத் தேவைக்குப் பயன்படுத்தினால், பொருந்திக்கொண்டதாகிவிடும். வாங்கிய குதிரையைத் திருப்பிக் கொடுப்பதற்காகவோ தண்ணீர் காட்டுவதற்காகவோ ஏறிப் போனால் பரவாயில்லை என்று கிதாபுகளில் உண்டு. அதன்படி, வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கும் விற்ற கடைக்கும் ஓட்டிப்போகலாம். அதே வண்டியில் கல்யாணத்துக்குப் போய் வந்துவிட்டுப் பிறகு திருப்பித் தருகிறேன் என்றால் எப்படி?

இன்னொன்று: கடைக்காரரிடம் சொல்லாமல் வண்டியைப் பிரித்து வேலை பார்த்துவிடாதீர்கள். துணியை வாங்கிச் சாயம் ஏற்றித் தைத்துவிட்ட பிறகு கிழிசல் தெரியவந்தால் திருப்ப முடியாது, குறைக்கான ஈட்டுத்தொகைதான் கிடைக்கும். வண்டிக்குப் புது பாகம் போட்டுப் பெயிண்ட் அடித்தால் இதே நிலைதான். அந்த ஈட்டுத்தொகைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. குறையில்லாத வண்டியின் சந்தை விலை 4 லட்சம், குறையோடு 3 லட்சம் என்றால், குறைந்தது நான்கில் ஒரு பங்கு. நீங்கள் கொடுத்தது 3,60,000 என்றால் அதில் நான்கில் ஒரு பங்கான 90,000 உங்களுக்கு வர வேண்டும். ஆனால் திருப்பிக் கொடுக்க வழி இருக்கும்போது, "வண்டியையும் வைத்துக்கொள்வேன், பணத்தையும் குறை" என்று ஹனஃபி மத்ஹபில் உரிமையாகக் கேட்க முடியாது. விற்றவர் சம்மதித்தால் செய்துகொள்ளலாம்.

"ஒரு மாசம் ஓட்டினீங்களே, அதுக்கு வாடகை கழிச்சுக்குறேன்" என்று சில கடைக்காரர்கள் சொல்வதுண்டு. நபி (ஸல்) அவர்கள் காலத்திலேயே இதே கேள்வி வந்தது. அடிமையை வாங்கி வேலை வாங்கியவர் குறையைக் கண்டு திருப்பியபோது, அந்த உழைப்பின் வருமானத்தை விற்றவர் கேட்டார். பொறுப்பு யாரிடமோ பலனும் அவருக்கே என்று நபியவர்கள் தீர்ப்பளித்தார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்தது, அபூதாவூதில் இருக்கிறது. அந்த ஒரு மாதத்தில் வண்டி தீப்பிடித்திருந்தால் நஷ்டம் வாங்கியவருக்குத்தானே? எனவே குறை தெரிவதற்கு முன் ஓட்டியதற்கு வாடகை இல்லை.

"நாங்க கன்சல்டிங் மட்டும்தான்"

ஓனர் வேறு, நாங்கள் இடையில்தான் என்று கைவிரிப்பார்கள். விற்பவரின் வக்கீலாக நின்று தானே பேரம் பேசி, விலை முடித்து, பணம் வாங்கி விற்றவர் மீதே குறைக்காகத் திருப்பும் உரிமை வரும் என்பது ஹனஃபி சட்டம். வெறுமனே இருவரை அறிமுகப்படுத்திக் கமிஷன் வாங்கிய தரகர் வேறு. எனவே ரசீது யார் பெயரில் என்று பாருங்கள்.

"விற்ற வண்டி திரும்பப் பெறப்படாது, உள்ளது உள்ளபடி" என்ற வரியில் கையெழுத்து வாங்குவார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் குறைகளுக்குப் பொறுப்பில்லை என்ற நிபந்தனையோடு 800 திர்ஹத்துக்கு ஓர் அடிமையை விற்றார்கள். வாங்கியவர், சொல்லப்படாத நோய் இருக்கிறது என்று உஸ்மான் (ரலி) அவர்களிடம் முறையிட்டார். குறை இருப்பது தெரியாமல்தான் விற்றேன் என்று சத்தியம் செய்யுங்கள் என்றார்கள் உஸ்மான் (ரலி). இப்னு உமர் சத்தியம் செய்ய மறுத்து, அடிமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். முவத்தாவில் இருக்கும் சம்பவம். இப்படியான நிபந்தனை எந்த அளவு செல்லும் என்பதில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. தெரிந்த குறையை மறைத்த பாவத்தை எந்தக் கையெழுத்தும் துடைக்காது.

நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது

பேசிப் பார்த்து, ஜமாஅத் மூலமும் தீரவில்லை என்றால் ஆணையத்துக்குப் போகலாம். உரிமையைப் பெற நீதியை நாடுவது மார்க்கத்துக்கு முரணல்ல. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பழைய பொருளை வாங்கியவருக்கும் பொருந்தும். மறுவிற்பனைக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்லர். ஆனால் சொந்தப் பிழைப்புக்காக டாக்ஸி ஓட்ட வாங்கியவர் நுகர்வோர்தான். பொருளின் தரத்தைப் பற்றிப் பொய்யாகச் சொல்வது, பில் தர மறுப்பது, குறையுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள் (குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள்) திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது ஆகியவை இச்சட்டப்படி முறையற்ற வணிகம். தனிநபர் ஒருவர் தன் சொந்த வண்டியை விற்றால் பொதுவாக இந்தச் சட்டம் வராது, சிவில் கோர்ட்தான். கடையில் பில்லோடு வாங்குவதன் பலன் இங்கேதான்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் சொல்லலாம். பிறகு, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வேறு மெக்கானிக்கிடம் எழுத்துமூல அறிக்கை, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய விவரம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். ஆணையத் தீர்ப்புகளில் அசலோடு வட்டியும் சேர்ந்து வருவதுண்டு. அதைத் தொடும் முன் உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள்.

வாங்கும் முன்பே இன்னொரு வழியும் இருக்கிறது. வியாபாரத்தில் அடிக்கடி ஏமாந்துவந்த ஒரு ஸஹாபிக்கு, ஏமாற்று இருக்கக் கூடாது என்று சொல்லிக்கொள்ளும்படி நபியவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். மூன்று நாள் அவகாசமும் கொடுத்தார்கள். "மூன்று நாட்களுக்குள் என் மெக்கானிக்கிடம் காட்டித் திருப்தி இல்லையென்றால் திருப்பிக் கொடுப்பேன்" என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்காமல் வந்துவிடுங்கள்.

ஏமாந்தவரின் அடுத்த அடி

எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். ஏமாந்த சகோதரர் சண்டை போட்டுச் சோர்ந்து, கடைசியில் என்ன செய்கிறார்? "நானும் இப்படித்தானே வாங்கினேன்" என்று அந்த வண்டியை அதே பொய்யோடு இன்னொருவரிடம் தள்ளிவிடுகிறார். அவர் இழந்தது பணம் மட்டுமாக இருந்தது. இப்போது ஹராமும் சேர்ந்துவிட்டது. குறையைச் சொல்லாமல் விற்பது ஒரு முஸ்லிமுக்கு ஆகுமானதல்ல என்று உக்பா இப்னு ஆமிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸில், நீ எப்படி வாங்கினாய் என்ற விதிவிலக்கு எதுவும் இல்லை. வாங்குபவர் முஸ்லிம் அல்லாதவர் என்பதும் சாக்காகாது.

விற்க வேண்டும் என்றால் வண்டியின் குறைகளை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். விலை முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ குறையும், குறையட்டும். வாங்குபவரிடம் கையெழுத்து வாங்கி ஆளுக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு இருந்துவிடாமல், 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். ஆர்.சி.யில் பெயர் மாறும் வரை அந்த வண்டி செய்யும் விபத்துக்கு உங்கள் மீதும் இழப்பீடு வரலாம். 2018-இல் சுப்ரீம் கோர்ட் அப்படித்தான் தீர்ப்பளித்திருக்கிறது.