மலிவு விலை மின் கிதாரும் மயிரிழைச் சுருதியும்

"விலை குறைந்த கிதாரில் சுருதி எப்படி நிற்கும்?" விடுதி நண்பர் ஒருவர் பழைய மின் கிதார் ஒன்றை வாங்கி வந்த நாள் முதல் அவர் கேட்டுக்கொண்டிருக்கும் தீர்ப்பு இது. பிரடைகளை மாற்று என்றனர் சிலர். கிதாரையே மாற்று என்றனர் பலர். இரண்டுக்கும் அவரிடம் பணமில்லை. ஆய்வுக்கூடத்தில் சுரமானியோடு பழகும் இயற்பியல் மாணவன் என்ற முறையில் இத்தீர்ப்பைச் சற்றே சோதித்துப் பார்க்க விரும்பினேன்.

இழுத்துக் கட்டிய கம்பியின் அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது நாம் அறிந்த விதி. மின் கிதாரின் முதற்கம்பி பெரும்பாலும் 0.23 மி.மீ. விட்டமுள்ள எஃகு. அதிரும் நீளம் 648 மி.மீ. என்று கொள்வோம். இது 329.6 ஹெர்ட்சில் ஒலிக்க ஏறத்தாழ 59 நியூட்டன் இழுவிசை வேண்டும். அதாவது ஆறு கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். எஃகின் யங் குணகத்தைக் கொண்டு கணக்கிட்டால், இவ்விசையால் கம்பி நீள்வது சுமார் நாலரை மி.மீ. மட்டுமே. இதில் நூற்றில் ஒரு பங்கு நழுவினால் போதும், இழுவிசை 1 விழுக்காடு குறையும். அதிர்வெண் அரை விழுக்காடு இறங்கும். சரியான சுருதியிலுள்ள மற்றொரு கம்பியுடன் சேர்த்து மீட்டினால் விம்மல்கள் தெளிவாகக் கேட்கும். நழுவிய தூரம் 0.05 மி.மீ.க்கும் குறைவு. மயிரிழை என்பது இங்கே உவமையன்று, உண்மை அளவு!

இந்த மயிரிழை எங்கே நழுவுகிறது? எல்லோரும் பழிசுமத்தும் பிரடையில் அன்று. கிதாரின் பிரடை திருகுப் பற்சக்கரம் பூட்டியது. பிரடை கம்பியை இழுக்கும்; கம்பி பிரடையைத் திருப்ப இயலாது. கம்பியைத் தண்டில் தளர்வாகச் சுற்றியிருந்தால் சுருதி இறங்கும். அது சுற்றியவர் குற்றம். பெரிய குற்றவாளி கழுத்தின் தலைப்பிலுள்ள 'நட்' என்னும் சிறு துண்டு. அதன் பள்ளங்கள் வழியாகத்தான் கம்பிகள் பிரடைக்குச் செல்கின்றன. பள்ளம் குறுகலாக இருந்தால் கம்பி அதில் சிக்கிக்கொள்ளும். வாசிப்பவர் கம்பியை வளைத்து இழுத்து விடும்போது சற்று நகர்ந்த கம்பி பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. பிரடையைத் திருப்பும்போது 'டிக்' என்ற ஒலியுடன் சுருதி தாவினால், நோய் இதுவே.

இன்று மெட்டுகளின் இடங்களைக் கணினி வழி இயங்கும் எந்திரங்களே துல்லியமாக வெட்டிவிடுகின்றன. மலிவான கிதாரில் மிச்சம் பிடிக்கப்படுவது கடைசியில் அரம் பிடிக்கும் கையின் உழைப்பு என்பது என் கருத்து. நாங்கள் செய்தது இவ்வளவே: கம்பிகளைத் தளர்த்தி, பள்ளங்களில் மெல்லிய பென்சிலைத் தேய்த்து, கம்பிகளை இறுக்கமாகச் சுற்றினோம். ஐந்து கம்பிகள் அடங்கின. மூன்றாவது மட்டும் இன்னும் சண்டித்தனம் செய்கிறது. அதற்கு அரம் வேண்டும். பள்ளம் அதிகம் ஆழமானால் கம்பி முதல் மெட்டில் உரசி இரையும். ஆதலால் கைவைக்கத் தயங்குகிறோம்.

ஓசையைப் பற்றிய தீர்ப்பும் இத்தகையதே. 1947இல் நேதன் டேனியல் தொடங்கிய டேன்எலக்ட்ரோ என்னும் அமெரிக்க நிறுவனம், சியர்ஸ் கடைகளுக்காக மலிவு கிதார்களைச் செய்தது. மரச்சட்டத்தின்மேல் ஒட்டிய மேசனைட் அட்டைப் பலகையே அவற்றின் உடல். காந்தச் சுருள்களுக்கு உறை உதட்டுச்சாயக் குழாய்! பிற்காலத்தில் லெட் செப்பலின் குழுவின் ஜிம்மி பேஜ் அந்நிறுவனத்தின் கிதாரை மேடைகளில் வாசித்தார். இதில் வியப்பில்லை. காந்தத்தின்மேல் எஃகுக் கம்பி அதிரும்போது, பல்லாயிரம் சுற்றுகள் கொண்ட சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. ஒலிபெருக்கி கேட்பது அதைத்தான். மரத்துக்குப் பங்கே இல்லை என்று நான் வாதிடவில்லை. சுருளும் அதன் உயரமும் முதலில் கவனிக்கத்தக்கவை என்கிறேன்.

இந்த உயரத்திலும் ஒரு சூழ்ச்சி உண்டு. ஓசை கூடட்டும் என்று காந்தத்தைக் கம்பிக்கு மிக அருகே உயர்த்தினால், அது கம்பியை இழுத்து அதிர்வையே கெடுக்கும். சுருதி சேர்ந்த கம்பியும் தனக்குள் விம்மும். நண்பரின் கிதாரில் தடித்த கம்பிக்கு இந்தக் கோளாறு இருந்தது. திருப்புளியால் ஒன்றரைச் சுற்று இறக்கினோம், விம்மல் நின்றது.