போனஸ் 100, நிபந்தனை 3,500

"100 பவுண்டு கட்டுங்கள், இன்னொரு 100 பவுண்டு நாங்கள் தருகிறோம்." பிரிட்டனில் ஆன்லைன் கேசினோ விளம்பரங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த வரி மனப்பாடம். 2026 ஜனவரியில் விதி மாறும்வரை அதற்குக் கீழே பொடி எழுத்தில் '35 மடங்கு வேஜரிங்' என்பதுபோல ஒரு குறிப்பு இருந்தது. போனஸ் பணத்தை வெளியே எடுப்பதற்கு முன்னால் அதைப் போல 35 மடங்கு தொகைக்குப் பந்தயம் கட்டியிருக்க வேண்டும் என்பது அதன் பொருள். விளம்பரம் 100 என்ற எண்ணைக் கொட்டை எழுத்தில் காட்டியது. உங்கள் பணத்தின் கதியைத் தீர்மானித்ததோ அந்த 35.

நான் பிரிட்டனை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. அங்கே ஆன்லைன் கேசினோ உரிமம் பெற்ற தொழில். சூதாட்ட ஆணையம் என்ற கட்டுப்பாட்டு அமைப்பு இருக்கிறது. போனஸ் நிபந்தனைகள் குறித்து அங்கே பல ஆண்டுகளாக வெளிப்படையாகவே வழக்காடியிருக்கிறார்கள். நம் கைபேசிக்கு வரும் விளம்பரங்களும் அதே அச்சில் வார்த்தவைதான். இந்தியாவில் சட்டம் முற்றிலும் வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

நம்பிக்கை: "போனஸ் என்பது சும்மா கிடைக்கிற பணம். 96 சதவீதம் திருப்பித் தரும் ஆட்டத்தில் அதைப் போட்டால் 96 கைக்கு வந்துவிடும்."

இதில் இரண்டு தவறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஸ்லாட் ஆட்டங்களில் ஆர்.டி.பி. என்று ஓர் எண் காட்டுவார்கள். ஆட்டக்காரர்கள் கட்டும் மொத்தப் பந்தயத்தில் நீண்ட கால சராசரியாக எவ்வளவு திரும்பப் போகிறது என்பதன் சதவீதம் அது. 96 என்றால் மீதி 4 நிறுவனத்துக்கு. ஆனால் இந்த 4 நீங்கள் கணக்கில் செலுத்திய பணத்திலிருந்து ஒரே ஒரு முறை கழிவதில்லை. ஒவ்வொரு சுழற்சியும் ஒரு சுங்கச்சாவடி. அதே பணம் திரும்பத் திரும்ப அதைக் கடக்கும்போது ஒவ்வொரு தடவையும் கட்டணம் பிடிக்கப்படும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். போனஸ் 100 பவுண்டு, 35 மடங்கு. ஆகவே கட்ட வேண்டிய மொத்தப் பந்தயம் 3,500 பவுண்டு. அதில் 4 சதவீதம் 140. நிபந்தனையை முழுதாக ஆடி முடிப்பதற்குச் சராசரியாக ஆகும் செலவு 140 பவுண்டு. அதற்குக் கிடைத்த போனஸ் 100. சொந்தப் பணத்தில் 40 பவுண்டு போய்விடுகிறது. இதைப் பரிசு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இது சராசரிதான். யாரோ ஒருவருக்குப் பெரிய தொகை விழும், பலருக்குப் பாதி வழியிலேயே கணக்கு காலியாகிவிடும். அந்த யாரோ ஒருவரைத்தான் விளம்பரம் காட்டும்.

நேரத்தையும் பாருங்கள். பிரிட்டனில் 2021 அக்டோபர் 31 முதல் ஸ்லாட் ஒரு சுழற்சிக்குக் குறைந்தது 2.5 வினாடி எடுத்துக்கொள்ள வேண்டும். தானாகச் சுழலும் வசதிக்கும் அன்றிலிருந்து தடை. சுழற்சிக்கு 20 பென்ஸ் என்று அடக்கமாக ஆடுபவர் 3,500 பவுண்டை எட்ட 17,500 முறை பொத்தானை அழுத்த வேண்டும். மூச்சு விடாமல் அழுத்தினாலும் 12 மணி நேரம். இத்தனைக்கும் பல போனஸ்களுக்குக் காலக்கெடு 7 நாள். திரையின் ஓரத்தில் 'நிபந்தனை 62 சதவீதம் முடிந்தது' என்று ஒரு பட்டை நிரம்பிக்கொண்டே வரும். இந்த ஏற்பாட்டிலேயே எனக்கு மிகவும் கொடுமையாகப் படுவது இந்தப் பட்டைதான். பணம் கரைந்துகொண்டிருப்பவருக்கு அது முன்னேற்றம் என்று காட்டுகிறது. மீதி 38 சதவீதத்தை விட மனமில்லாமல் அவர் மறுபடியும் டெபாசிட் செய்கிறார்.

நம்பிக்கை: "35 மடங்கு என்றால் எல்லா இடத்திலும் 35 மடங்குதான்."

எதற்கு 35 மடங்கு என்று கேளுங்கள். சில தளங்களில் போனஸுக்கு மட்டும்; சிலவற்றில் டெபாசிட்டையும் போனஸையும் கூட்டி வரும் தொகைக்கு. இரண்டாவது வகையில் 200 பவுண்டுக்கு 35 மடங்கு, அதாவது 7,000 பவுண்டு. 4 சதவீதம் 280. கணக்கில் இருப்பதே 200தான்! ஒரே ஒரு சொல் வித்தியாசத்தில் நிபந்தனை இரட்டிப்பாகிவிடுகிறது. சதவீதம் பெரிதாக இருக்கிறதே என்று '200 சதவீத போனஸ்' பக்கம் ஓடுபவர்களும் இங்கேதான் சிக்குகிறார்கள். போனஸ் பெருத்தால் பெருக்கி வரும் தொகையும் சேர்ந்தே பெருகும்.

நம்பிக்கை: "விவரம் தெரிந்தவர்கள் ஸ்லாட் பக்கமே போகமாட்டார்கள். பிளாக்ஜாக்கில் ஆடிச் சுலபமாக முடித்துவிடுவார்கள்."

புத்திசாலிகளைப் பிடிப்பதற்கென்றே உள்ள வலை இது. முறைப்படி ஆடினால் பிளாக்ஜாக்கில் நிறுவனத்தின் பங்கு சுமார் அரை சதவீதம்தான் என்பது உண்மை. 3,500 பவுண்டுக்கு அரை சதவீதம் 17.50, நல்ல லாபம் என்றுதானே தோன்றும்? நிறுவனங்களுக்கும் இந்தக் கணக்கு தெரியும். அதனால் நிபந்தனைப் பக்கத்தின் நடுவில் 'ஆட்டங்களின் பங்களிப்பு' என்று ஓர் அட்டவணை இருக்கும். வழக்கமாக ஸ்லாட் 100 சதவீதம், ரூலெட் 20 சதவீதம், பிளாக்ஜாக் 10 சதவீதம் என்ற பாணியில் போகும். பிளாக்ஜாக்கில் 10 பவுண்டு கட்டினால் 1 பவுண்டுதான் நிபந்தனைக் கணக்கில் ஏறும்.

அப்படியானால் 3,500 என்பது 35,000 ஆகிறது. அதில் அரை சதவீதம் 175 பவுண்டு. ஸ்லாட்டில் ஆன 140ஐ விட அதிகம். ரூலெட்டின் கதை இதைவிட மோசம். ஒற்றைப் பூஜ்ஜியம் உள்ள சக்கரத்தில் நிறுவனத்தின் பங்கு 37இல் 1, கிட்டத்தட்ட 2.7 சதவீதம். 20 சதவீதப் பங்களிப்பில் 17,500 பவுண்டு கட்ட வேண்டும். சராசரி இழப்பு ஏறத்தாழ 473. எந்தப் பக்கம் திரும்பினாலும் வாசல் அடைபடும்படி அந்த அட்டவணை அமைக்கப்பட்டிருக்கிறது. சில தளங்களில் இந்த ஆட்டங்களின் பங்களிப்பு முழுப் பூஜ்ஜியம்.

ஸ்லாட்டிலும் 96 என்பதை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. ஆட்டத்தைத் தயாரிக்கும் நிறுவனங்கள் பல ஒரே ஆட்டத்தை வெவ்வேறு ஆர்.டி.பி.யில் கேசினோக்களுக்குத் தருகின்றன. படம் அதே, பாட்டு அதே, எண் மட்டும் வேறு. 92 சதவீதப் பதிப்பாக இருந்தால் 3,500 பவுண்டு ஆட்டத்துக்கு 280 பவுண்டு செலவு. ஆட்டத்துக்குள்ளேயே உதவிப் பக்கத்தில் அந்த எண் இருக்கும். இணையத்தில் யாரோ எழுதிய மதிப்புரையில் பார்த்த எண் இதற்குப் பயன்படாது.

நம்பிக்கை: "ஜெயித்த பணம் என் பணம். நினைத்தபோது எடுத்துக்கொள்வேன்."

போனஸ் நடப்பில் இருக்கும்போது ஒரு பந்தயத்துக்கு உச்சவரம்பு உண்டு. 5 பவுண்டு என்று வைத்திருக்கும் தளங்கள் ஏராளம். தெரியாமல் ஒரே ஒரு முறை 6 பவுண்டு கட்டியிருந்தாலும் 'விதிமீறல்' என்று மொத்த வெற்றியையும் ரத்து செய்ய நிபந்தனை இடம் தருகிறது. டெபாசிட் இல்லாமல் தரும் போனஸ்களில் எவ்வளவு ஜெயித்தாலும் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று இன்னொரு வரம்பு. 'இழக்க ஒன்றுமில்லை' என்று சொல்லப்படும் இலவச ஸ்பின்களும் பெரும்பாலும் இந்த வகைதான். 10 பென்ஸ் மதிப்புள்ள 50 ஸ்பின் என்றால் மொத்த மதிப்பே 5 பவுண்டு. அதில் விழுவதும் பல தளங்களில் பணமாக வராமல் மறுபடியும் நிபந்தனையோடு போனஸாகவே கணக்கில் ஏறும்.

சொந்த டெபாசிட்டைக்கூட வெளியே எடுக்கவிடாமல் போனஸ் நிபந்தனையோடு கட்டிப்போட்ட காலமும் உண்டு. பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் இதில் தலையிட்டது. 2018இல் லாட்ப்ரோக்ஸ், வில்லியம் ஹில், பி.டி. என்டர்டெயின்மென்ட் ஆகிய மூன்று நிறுவனங்களும், ஆட்டக்காரர் தன் சொந்தப் பணத்தை எடுப்பதற்குப் பலமுறை ஆடியாக வேண்டும் என்று இனிக் கட்டாயப்படுத்தமாட்டோம் என்று உறுதி கொடுத்தன. பணத்தை எடுக்க விண்ணப்பித்தவர் காத்திருக்கும் நேரத்தில் சபலப்பட்டு அதைத் திரும்ப ஆட்டத்துக்கே கொண்டுபோகும் வசதிக்கும் 2021இல் நிரந்தரத் தடை வந்தது. இப்படி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விதி போட வேண்டியிருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள்.

நம்பிக்கை: "இப்போதுதான் 10 மடங்கு வரம்பு வந்துவிட்டதே, இனி பயமில்லை."

வந்திருக்கிறது, உண்மை. 2026 ஜனவரி 19 முதல் பிரிட்டனில் உரிமம் பெற்ற நிறுவனங்கள் போனஸுக்கு 10 மடங்குக்கு மேல் நிபந்தனை வைக்கக் கூடாது. விளையாட்டுப் பந்தயம் கட்டினால் ஸ்லாட் ஸ்பின் என்பதுபோல இரண்டு வகைச் சூதாட்டத்தைக் கலந்து சலுகை தரவும் கூடாது. இது நல்ல விதி. முன்பு பார்த்த அதே 100 பவுண்டு போனஸுக்கு இனி 1,000 பவுண்டு ஆடினால் போதும். சராசரி செலவு 40. காகிதத்தில் 60 பவுண்டு மிச்சம்.

ஆனால் நிபந்தனை முடிந்த அந்த நொடியில் கணக்கை மூடிவிட்டு எழுந்து போகிறவருக்குத்தான் அந்த 60. மனிதரை உட்கார வைத்துப் பழக்குவதற்கே நிறுவனம் போனஸ் தருகிறது. 1,000 பவுண்டு அளவுக்கு ஆடிப் பழகிய கை அங்கேயே நிற்கும் என்று நான் நம்பமாட்டேன். இன்னொன்று, இந்த வரம்பு பிரிட்டன் உரிமம் பெற்றவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். வெளியிலிருந்து நடத்தப்படும் தளங்களில் 40, 50, 60 மடங்குகள் இன்றும் இருக்கின்றன.

நம்பிக்கை: "அந்தத் தளத்துக்குக் குராசாவ் உரிமம் இருக்கிறது. அப்படியானால் இங்கேயும் ஆடலாம்."

முடியாது. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மி, போக்கர் ஆகிய இரண்டையும் தடைப்பட்டியலிலிருந்து விலக்கியது. ஆனால் அதிர்ஷ்டத்தை மட்டும் நம்பிய ஆட்டங்கள் மீதான தடையை உறுதி செய்தது. ஸ்லாட்டும் ரூலெட்டும் அதில்தான் வருகின்றன. இந்தச் சட்டப்படி ஆடுபவருக்கே 3 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற மத்தியச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், திறமை ஆட்டம், அதிர்ஷ்ட ஆட்டம் என்ற வேறுபாடே பார்க்காமல் பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களையும் தடை செய்கிறது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். வங்கிகளும் இதற்குப் பணப் பரிமாற்றம் செய்து தரக் கூடாது.

குராசாவ் கரீபியக் கடலில் உள்ள சிறு தீவு. அங்கே வாங்கிய உரிமம் மதுரையிலோ சேலத்திலோ செல்லாது. பிரிட்டனில் ஒருவருக்கு வெற்றிப் பணம் மறுக்கப்பட்டால் முறையிட அமைப்புகள் உண்டு. இங்கே ஒருவர் அப்படி ஏமாந்தால், அந்த நிபந்தனைப் பக்கத்தைப் படித்துத் தீர்ப்புச் சொல்ல ஆளே இல்லை. '500 சதவீத போனஸ்' என்று தமிழில் வாட்ஸ்அப்பில் வரும் செய்தியின் நிபந்தனை 35 மடங்கா 10 மடங்கா என்று ஆராய்வதே வீண்வேலை. பணத்தைத் திருப்பித் தரவேண்டிய கட்டாயம் அவர்களுக்குக் கிடையாது.

பிரிட்டன் போன்ற நாடுகளில் சட்டப்படி ஆடும் தமிழர்களுக்கு ஒரு வார்த்தை: சம்மதம் என்று தட்டுவதற்கு முன் போனஸை மடங்கால் பெருக்கி, வந்த தொகையில் நிறுவனத்தின் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். அது போனஸைவிட அதிகமாக இருந்தால் போனஸே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலான தளங்களில் அதற்கு வசதி உண்டு. இந்தியாவில் இருப்பவர்கள் இப்படி ஒரு தளத்தில் ஏற்கெனவே பணத்தை விட்டிருந்தால், இன்னொரு போனஸை வைத்து அதை மீட்கப் போகாதீர்கள். இணைய மோசடியைப் புகார் செய்ய 1930 என்ற எண் இருக்கிறது. வீட்டில் சொல்ல முடியாமல் மனம் தத்தளித்தால் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416ஐ அழையுங்கள். கட்டணம் கிடையாது, எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.