பெரிய திரை டிவி வாங்கப் போகிறீர்களா?

* 55 அங்குலம் என்பது திரையின் மூலைக்கு மூலை அளவு. அகலம் சுமார் 4 அடி, உயரம் சுமார் 2¼ அடி வரும். அந்த அளவுக்குச் செய்தித்தாள்களை ஒட்டிச் சுவரில் மாட்டிப் பார்த்துவிட்டுக் கடைக்குக் கிளம்புங்கள். சோபாவிலிருந்து 7 அடி தூரம் இருந்தால் வசதியாகப் பார்க்கலாம்.

* பல மாடல்களில் கால்கள் இரண்டு ஓரங்களிலும் இருக்கும். பழைய டிவி மேசை அந்த அகலத்துக்குப் போதுமா என்று அளந்துகொள்ளுங்கள். குழந்தைகள் இழுத்துச் சாய்த்துவிடாமல் டிவியைச் சுவரோடு பட்டை போட்டுக் கட்டுவது அவசியம்.

* சுவரில் மாட்டினால், உட்கார்ந்திருக்கும்போது கண் மட்டத்துக்குத் திரையின் நடுப்பகுதி வரட்டும். உயரே மாட்டினால் கழுத்து வலிக்கும். ஜன்னலுக்கு நேர் எதிரே வேண்டாம்.

* பெட்டியைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தியே கொண்டுவரச் சொல்லுங்கள். பொருத்த வருபவர் முன்னிலையிலேயே பிரித்து, டிவியை ஓடவிட்டு, கீறல், கோடு, கரும்புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். திரை விரிசலுக்குப் பொதுவாக வாரண்டி கிடையாது.

* 'விவிட்' மோடில் இருந்தால் 'சினிமா' அல்லது 'ஸ்டாண்டர்டு' மோடுக்கு மாற்றுங்கள். கண் கூசாது, மின்சாரமும் மிச்சமாகும்.

* இடி மின்னல் வரும் அறிகுறி தெரிந்ததுமே மின் ப்ளக்கோடு டிஷ் அல்லது கேபிள் ஒயரையும் கழற்றிவிடுங்கள். ரிமோட்டில் அணைத்தால் மட்டும் போதாது.

* திரையில் எந்தத் திரவத்தையும் நேரடியாகத் தெளிக்காதீர்கள். டிவியை அணைத்து, சூடு ஆறியதும், உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் துடையுங்கள்.