ஹெட் போச்சுன்னா வண்டியே போச்சா?

"ஹெட் போயிடுச்சு சார்." டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டு, பானட்டுக்குள்ளேர்ந்து ஆவி கிளம்பின வண்டியை ஒர்க்‌ஷாப்ல விட்டா, மறுநாள் பெரும்பாலும் இந்த ஒரு வரிதான் பதிலா வரும். தஞ்சாவூர், மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் பழைய மாருதி 800-ஐ இன்னும் வெச்சு ஓட்டுற வீடுகள் உண்டு. வண்டியோட விலையே கம்மி. புது ஹெட்டுக்கும் கூலிக்கும் சேர்த்து ஒரு தொகை சொன்னதும், "காயலாங்கடைக்கே போட்டுடலாம்"னு தோணிடும். ஆனா ஹெட்டுகள்ல பலதை சரி பண்ண முடியும். எதை முடியும், எதை முடியாதுன்னு அளந்து சொல்லத் தெரியணும். மெக்கானிக்கல் படிக்கிற நமக்கு அது தெரியாட்டா வேற யாருக்குத் தெரியும்?

ஏன் வளையுது?

1983 டிசம்பர்ல வந்த மாருதி 800-ல இருக்கிறது 796 சிசி, மூணு சிலிண்டர் இன்ஜின். பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். இரும்பு 1 டிகிரி சூட்டுக்கு மீட்டருக்கு சுமார் 11 மைக்ரான் விரியும். அலுமினியம் சுமார் 23 மைக்ரான், அதாவது இரண்டு மடங்கு.

ஹெட்டோட நீளம் 300 மி.மீ.ன்னு வெச்சுக்குவோம். சூடு 80 டிகிரி ஏறினா ஹெட் 0.55 மி.மீ. நீள நினைக்கும், பிளாக் 0.26 மி.மீ. தான் நீளும். மீதி 0.29 மி.மீ.க்கு இடம் கொடுக்காம போல்ட்டுகள் இறுக்கிப் பிடிச்சிருக்கும். சாதாரண சூட்டுல இதைத் தாங்குற மாதிரிதான் டிசைன் பண்ணியிருப்பாங்க. தண்ணி வத்தி சூடு எல்லை மீறினா அலுமினியம் இளகி 'ஈல்டு' ஆகிடும். ஆறின பிறகு பழைய வடிவத்துக்குத் திரும்பாது. செகண்ட் இயர்ல படிச்ச தெர்மல் ஸ்ட்ரெஸ் சம் இதேதான்!

அறிகுறிகள்

ஆயில் பால் டீ நிறத்துல இருந்தா அதுல தண்ணி கலந்திருக்கு. சூடான பிறகும் சைலன்சர்ல வெள்ளைப் புகை நிக்காம வந்தா, எரியுற இடத்துக்குள்ள தண்ணி போகுது. கம்ப்ரஷன் டெஸ்ட்ல பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் குறைவா காட்டினா, நடுவுல கேஸ்கட் பிஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். ஒரே சிலிண்டர் மட்டும் குறைஞ்சா வால்வையும் ரிங்கையும் சந்தேகப்படலாம்.

இறக்கின பிறகு

1. இன்ஜின் முழுசா ஆறணும். போல்ட்டை ரெண்டு ஓரத்துலேர்ந்து நடுவை நோக்கி, கொஞ்சம் கொஞ்சமா லூஸ் பண்ணணும். சூட்டோட கழட்டினா, நல்ல ஹெட்டும் வளையும்.

2. கேஸ்கட் ஒட்டுற முகத்தை சுத்தம் பண்ணி, ஸ்ட்ரெயிட் எட்ஜை நீளவாக்குல, குறுக்குல, மூலைக்கு மூலை வெச்சு, அடியில ஃபீலர் கேஜை விட்டுப் பாருங்க. இந்த மாதிரி சின்ன ஹெட்டுக்கு லிமிட் பொதுவா 0.05 மி.மீ. அளவுலதான் இருக்கும். நம்ம தலைமுடியே அதைவிடத் தடிமனா இருக்கலாம். பிளாக் முகத்தையும் இதே மாதிரி பார்க்கணும்.

3. விரிசல் பார்க்கணும். அலுமினியத்துல காந்தம் ஒட்டாது, அதனால மேக்னடிக் டெஸ்ட் உதவாது. டை பெனட்ரன்ட் அடிக்கலாம். இல்லாட்டா தண்ணி ஓடுற துளைகளை அடைச்சு, காத்து ஏத்தி, சுடுதண்ணியில முக்கினா குமிழி காட்டிக் கொடுத்துடும். மெஷினிங்குக்குக் காசு செலவு பண்றதுக்கு முன்னாடியே இதை முடிச்சிடுங்க.

4. கேம்ஷாஃப்ட் இந்த ஹெட்டுக்குள்ளேயேதான் சுத்துது. அடி முகத்தை மட்டும் இழைச்சா கேம் உட்கார்ற துளைகள் நேராகாது. ராக்கரை எல்லாம் கழட்டிட்டு கேமைக் கையால சுத்திப் பாருங்க. இறுக்கிப் பிடிச்சா, வெறும் இழைப்பு போதாது.

5. எவ்வளவு இழைக்கலாம்? ஒரு சிலிண்டருக்கு 265 சிசி. கம்ப்ரஷன் ரேஷியோ 8.7ன்னா மேல மிஞ்சுற இடம் சுமார் 34.5 சிசி. 0.2 மி.மீ. இழைச்சா அதிகபட்சம் 0.7 சிசி குறையும், ரேஷியோ 8.9 பக்கம் வரும். அதுக்கு மேல போகப் போக நாக்கிங் பயம். கேமும் கிராங்கும் கிட்ட வர்றதால வால்வு டைமிங்கும் லேசா பின்தங்கும். அதனால மேனுவல் சொல்ற லிமிட்டைத் தாண்டக் கூடாது.

6. வால்வு ஸ்டெம் கைடுக்குள்ள ஆடினா முதல்ல கைடை மாத்தணும், அப்புறம்தான் சீட் கட்டிங். கைடுதான் சீட்டுக்கு மையம். லேப்பிங் பேஸ்ட் போட்டுத் தேய்ச்சா, சுத்தி ஒரே அகலத்துல சாம்பல் நிற வளையம் தெரியணும். பேஸ்டைத் துளிகூட மிச்சமில்லாம கழுவிட்டு, ஸ்பிரிங் மாட்டி, சேம்பர்ல மண்ணெண்ணெய் ஊத்தி வைங்க. போர்ட் பக்கம் கசியலேன்னா வேலை சுத்தம்.

7. புது கேஸ்கட். போல்ட் துளைக்குள்ள ஆயிலோ தண்ணியோ இருக்கக் கூடாது. இறுக்கும்போது நடுவுலேர்ந்து ஓரத்துக்கு, இரண்டு மூணு தவணையா, டார்க் ரெஞ்ச் வெச்சு. 'கை கணக்கு' இங்கே வேண்டாம்.

டெல்டாவுக்குன்னு ஒரு பாடம்

சூடு ஏறின காரணத்தைக் கண்டுபிடிக்காம ஹெட்டை மாட்டினா, அது மறுபடியும் இறங்கும். நம்ம ஊர்ல இரண்டு காரணத்தைக் கண்டிப்பா பாருங்க.

ஒண்ணு, தூசி. அறுவடை சமயத்துல ரோட்டுலேயே நெல் காயும். வைக்கோல் துகளும் பதரும் ரேடியேட்டர் இடுக்குல போய் அப்பிக்கும். வெளியிலேர்ந்து பார்த்தா தெரியாது. இன்ஜின் பக்கத்துலேர்ந்து வெளிப்பக்கமா தண்ணி அடிச்சாதான் வரும்.

இன்னொண்ணு, தண்ணி. நாகப்பட்டினம், வேதாரண்யம் மாதிரி கடலோரப் பகுதிகள்ல போர் தண்ணி பல இடத்துல உப்பு. அதை ரேடியேட்டர்ல ஊத்தினா உப்பு அலுமினியத்தை அரிக்கும், ரேடியேட்டர் குழாயில காரை படியும், சூடு வெளியேறாது. கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டர்ல கலந்து ஊத்துங்க. அப்புறம் தெர்மோஸ்டாட்டை "இது எதுக்கு"ன்னு கழட்டிப் போடாதீங்க. அது இல்லாட்டா இன்ஜினுக்குத் தேவையான சூடே சரியா ஏறாது.

அடுத்த முறை உங்க வீட்டு வண்டிக்கோ, பக்கத்து வீட்டு மாமா வண்டிக்கோ இந்தப் பதில் வந்தா, மூணு கேள்வி கேளுங்க: வளைவு எத்தனை மி.மீ.? விரிசல் டெஸ்ட் பண்ணியாச்சா? கேம் ஃப்ரீயா சுத்துதா? மூணுக்கும் பதில் கிடைச்ச பிறகு, ரிப்பேரா காயலாங்கடையான்னு அவங்களே முடிவு பண்ணிக்கலாம். ஃபீலர் கேஜ் நம்ம மெட்ராலஜி லேப்லேயே இருக்கு, ஒரு தடவை எடுத்துப் பிடிச்சுப் பாருங்க மக்களே.