விமானி மகனும் தளபதி தந்தையும்

முன்னுரை

போர்வீரனின் வீரத்தைப் பேசும்போது அவன் வீட்டை நாம் மறந்துவிடுகிறோம். வானில் பறப்பவன் ஒருவன். தரையில் நின்று அவன் வருகையை எதிர்நோக்கியிருப்போர் பலர். மகனைப் போருக்கு அனுப்பிய தாயரைப் புறநானூற்றில் கண்டிருக்கிறோம். நான் இங்கு எழுத எடுத்துக்கொண்டது ஒரு தந்தையின் வரலாறு. அதை முதன்முதல் படித்தபோது எனக்கு அவர்மேல் மதிப்பு வரவில்லை, கோபமே வந்தது. அந்தக் கோபம் ஏன் வந்தது, எவ்வாறு தணிந்தது என்பதை நண்பர்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

குடும்பம்

கர்நாடகத்தின் குடகு மலைநாட்டில் பிறந்தவர் கே. எம். கரியப்பா. 1949ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் நம் தரைப்படையின் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றார். அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. அந்த நாளையே தரைப்படை நாளாக ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம்.

அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். மகன் கே. சி. கரியப்பா 1938இல் பிறந்தவர். நந்தா என்பது வீட்டுப் பெயர். 1945இல் பெற்றோர் பிரிந்து வாழத் தொடங்கினர். 1948இல் தாயார் ஒரு விபத்தில் இறந்தார். பத்து வயதுச் சிறுவனுக்கு அதன்பின் பெற்றோர் என்றால் தந்தை ஒருவரே.

அந்தத் தந்தை எப்படிப்பட்டவர் என்பதற்கு மகனே பிற்காலத்தில் நினைவுகூர்ந்த நிகழ்ச்சி ஒன்று போதும். டில்லியில் படித்துவந்த நாளில், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டி ஒருநாள் வரவில்லை. தளபதியின் உதவி அதிகாரி, சிறுவனை அரசாங்கக் காரில் கொண்டுபோய் விட்டார். செய்தி தந்தைக்குத் தெரிந்ததும் அதிகாரியைக் கடுமையாகக் கண்டித்தார். வாடகைக் காருக்குரிய வீதத்தில் கணக்கிட்டு அந்தத் தொகையைத் தம் சொந்தக் கணக்கில் கழித்துக்கொள்ளச் சொன்னார்.

சிறைப்பட்ட விமானி

மகன் தரைப்படைக்குச் செல்லவில்லை. விமானப்படையில் சேர்ந்து போர் விமானியானார். 1965ஆம் ஆண்டு இந்திய–பாகிஸ்தான் போரில் ஹண்டர் விமானம் ஓட்டினார். செப்டம்பர் 22ஆம் நாள் அவர் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள் அதிகாலையில் போர்நிறுத்தம்! இன்னும் சில மணி நேரம் தப்பியிருந்தால் அவர் வீடு திரும்பியிருப்பார்.

ஹண்டர் ஒருவர் மட்டுமே அமர்ந்து ஓட்டும் விமானம். ஆபத்து நேர்ந்தால் விமானியின் இருக்கையே வெடிமருந்தின் விசையால் அவரோடு மேலே எறியப்படும்; பின்னர்ப் பாரசூட் விரியும். உயிரைக் காக்கும் அந்த விசையே பல விமானிகளின் முதுகெலும்பைச் சிதைத்ததும் உண்டு. நந்தாவும் முதுகெலும்பில் காயமுற்றுப் பாகிஸ்தான் படையினரிடம் பிடிபட்டார்.

1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி, போர்க்கைதி தன் பெயர், பதவி, பிறந்த நாள், படை எண் ஆகியவற்றைச் சொன்னால் போதும். வேறெதையும் சொல்லக் கட்டாயமில்லை. ஆனால் இவர் விஷயத்தில் பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. அப்போது பாகிஸ்தானின் அதிபர் அயூப்கான். பிரிவினைக்கு முன் கரியப்பாவின்கீழ்ப் பணியாற்றியவர் அவர். பழைய தலைவரின் மகன் என்று அறிந்ததும், அவரை விடுவிக்கத் தயார் என்று தந்தைக்குச் செய்தி அனுப்பினார்.

கரியப்பா நன்றி சொன்னார், சலுகையை ஏற்கவில்லை. சிறையில் இருப்பவர்கள் எல்லோரும் தம் பிள்ளைகளே என்றும், விடுவித்தால் அனைவரையும் விடுவிக்கவேண்டும், தம் மகனுக்கெனத் தனிச்சலுகை எதுவும் வேண்டாம் என்றும் மறுமொழி அனுப்பினார்.

இது சரிதானா?

எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். அடிபட்டுக் கிடப்பவன் மகன். பெரியமனிதர் என்று பெயர் வாங்குபவர் தந்தை. வலி ஒருவருக்கு, புகழ் ஒருவருக்கா? தாயில்லாப் பிள்ளைக்கு இப்படியும் ஒரு தகப்பனா?

பலமுறை எண்ணிப் பார்த்தபின் இரண்டு செய்திகள் எனக்குப் புலப்பட்டன. முதலாவது, சிறையில் வேறு வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். அதிபருக்குச் செய்தி சொல்ல அவர்களுடைய தகப்பன்மாருக்கு வழியில்லை. தளபதியின் மகன் மட்டும் வீடு வந்திருந்தால், பிள்ளைகளிலும் உயர்வு தாழ்வு உண்டு என்றுதானே அந்தத் தாய்மார்கள் எண்ணியிருப்பார்கள்?

இரண்டாவது, நந்தா மீண்டும் தம் படைப்பிரிவுக்குத் திரும்பவேண்டியவர். தோழர்களைச் சிறையில் விட்டுவிட்டுத் தந்தையின் பெயரால் வெளிவந்தவர், அதே தோழர்களோடு மறுபடி ஒரே மேசையில் உட்கார்ந்து உண்ண முடியுமா? மகனுடைய தன்மானத்தையும் சேர்த்தே தந்தை காத்தார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. பள்ளிக்கூடக் காருக்குக் காசு கட்டிய அதே மனம்தான் இங்கேயும் பேசியது. அன்று பணம் கொடுத்தார்; இன்று கொடுத்தது தம் நெஞ்சின் நிம்மதியை.

அயூப்கானின் பண்பையும் சொல்லாமல் விடலாகாது. அவர் துணைவியார் நேரில் சென்று, காயமுற்ற இளைஞரைப் பார்த்து, படிக்க ஒரு நாவலும் சிகரெட்டும் கொடுத்து வந்தார். பகைநாட்டிலும் ஒரு தாயுள்ளம் இருந்தது.

முடிவுரை

1966 ஜனவரியில் தாஷ்கண்ட் உடன்படிக்கை கையெழுத்தானது. கைதிகள் பரிமாறிக்கொள்ளப்பட்டனர், நந்தாவும் மற்றவர்களோடு ஒருவராக நாடு திரும்பினார். அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் விமானப்படையிலேயே பணியாற்றி, ஏர் மார்ஷல் பதவி வரை உயர்ந்து, 1996இல் ஓய்வுபெற்றார். தந்தைக்கு 1986இல் பீல்டு மார்ஷல் பட்டம் வழங்கப்பட்டது. 1993இல் அவர் மறைந்தார்.

தந்தை செய்தது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை எனக்கோ, இதைப் படிக்கும் உங்களுக்கோ இல்லை. சிறையில் கிடந்த மகனுக்கே அது உண்டு. அந்த மகன் பிற்காலத்தில் தந்தையின் வாழ்க்கை வரலாற்றைத் தாமே நூலாக எழுதினார். அதைவிடத் தெளிவான தீர்ப்பு வேறென்ன வேண்டும்?

ஒரு சிறு சலுகைக்கும் தெரிந்தவர் யார், சொல்லிவைக்க வழி உண்டா என்று தேடுகிறோம் நாம். நமக்கு முன்னே வரிசையில் நிற்பவனும் ஒரு வீட்டுப் பிள்ளைதான் என்பதை அந்நேரத்தில் நினைத்துக்கொண்டால், அதுவே அந்தத் தந்தைக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.