கம்பெனி செட் இருக்கட்டும், கம்பியை வெட்டாதீர்கள்

“பேஸ் மாடலையே எடுத்துக்கலாம், செட்டை வெளியில போட்டுக்கலாம்.” கார் வாங்கப்போகும் நெய்வேலிக் குடும்பங்களில் இன்றும் கேட்கும் பேச்சு இது. மாருதி 800 ஓடிய காலத்தில் அந்தக் கணக்கு சரியாகவே இருந்தது. டாஷ்போர்டில் 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமுமாக ஒரு பொந்து இருக்கும். டின் என்ற ஜெர்மன் தர அமைப்பு வகுத்த அளவு அது. பயனியரோ கென்வுட்டோ சோனியோ, எந்தப் பிராண்டின் செட்டும் அதில் உட்காரும். பின்னால் ஸ்பீக்கர் வயர்கள், நேரடி பேட்டரி லைன், சாவி திருப்பினால் வரும் லைன், ஒரு எர்த். தெரிந்த கை இருந்தால் அரை நாளில் பாட்டுக் கேட்டுவிடலாம்.

இன்றைய வண்டியில் அந்தப் பொந்து இல்லை. கம்பெனியிலிருந்து வரும் தொடுதிரை ரிவர்ஸ் கேமராவோடும் ஸ்டியரிங் பட்டன்களோடும் பின்னிக் கிடக்கிறது. சில மாடல்களில் கதவுப் பூட்டு, விளக்கு அமைப்புகள்கூட அந்தத் திரைக்குள்தான். 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் விற்கும் புதிய கார்களில் டிரைவர் ஏர்பேக், சீட் பெல்ட் நினைவூட்டல், வேக எச்சரிக்கை, ரிவர்ஸ் சென்சார் ஆகியவை கட்டாயம். அந்த ரிவர்ஸ் சென்சாரின் சத்தம் சில வண்டிகளில் கதவு ஸ்பீக்கர் வழியேதான் வருகிறது. செட்டைப் பிடுங்கினால் சத்தமும் போய்விடும். பின்னால் குழந்தை நிற்பது தெரியாமல் வண்டி நகரக்கூடும்.

ஆகவே தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வண்டியோடு வந்த செட் வேலை செய்கிறதென்றால் அதைக் கழற்ற வேண்டாம். அதை அப்படியே வைத்துக்கொண்டு, ஸ்பீக்கரையும் ஆம்ப்ளிஃபயரையும் அதற்குப் பின்னால் சேர்ப்பதே இன்றைய கார்களுக்குச் சரியான வழி. நெய்வேலியிலும் வடலூர், பண்ருட்டிப் பக்கத்திலும் நான் பார்த்த வண்டிகளில் தொந்தரவு கொடுக்காமல் ஓடுபவை எல்லாம் இந்த வகைதான்.

கம்பெனி செட் ஏன் மந்தமாகக் கேட்கிறது? பெரும்பாலும் குற்றம் திரையில் இல்லை. மெல்லிய காகிதக் கூம்பும் சின்னக் காந்தமும் கொண்ட ஸ்பீக்கர், தட்டினால் டின் டப்பா போல அதிரும் கதவுத் தகடு, இவையே முக்கியக் காரணம். வால்யூம் ஏற ஏற, அந்த ஸ்பீக்கர் கிழிந்துவிடாமலிருக்கப் பல செட்கள் தாமாகவே பேஸை, அதாவது அடி ஒலியை, குறைத்துவிடுகின்றன. “சத்தம் வருது, ஆனா அழுத்தம் இல்லை” என்று வண்டிக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

புதிய செட்டின் அட்டைப் பெட்டியில் ‘50 வாட்ஸ் x 4’ என்று போட்டிருப்பதை நம்பி அதற்கு மாறுகிறவர்கள் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எஞ்சின் ஓடும்போது காரில் கிடைப்பது ஏறத்தாழ 14.4 வோல்ட். அதை அதனாலேயே பெருக்கினால் 207. நாலு ஓம் ஸ்பீக்கருக்கு அதை எட்டால் வகுத்தால் 26 வாட்ஸ். செட்டுக்குள் இருக்கும் சின்ன ஆம்ப் ஒலி சிதையாமல் ஒரு ஸ்பீக்கருக்குக் கொடுக்கக்கூடிய உச்ச எல்லை அதுதான். உள்ளே ஆகும் இழப்பு போக, கைக்கு வருவது இருபது வாட்ஸுக்குப் பக்கம். கம்பெனி செட்டும் அதே அளவுதான் கொடுக்கிறது. திரையை மாற்றுவதால் ஒலி ஏறாது.

இனி கம்பி விஷயம். இந்தத் தொழிலில் பாதிக்கு மேல் கெடுவது இங்கேதான். கம்பெனி செட்டின் பின்னால் ஒரு வெள்ளைக் கப்ளர் இருக்கும். அதற்கு ஜோடியாகப் பொருந்தும் கப்ளர்கள் அநேகமாக எல்லா மாடலுக்கும் கடையில் கிடைக்கின்றன. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வண்டிப் பெயரையும் வருஷத்தையும் சொன்னால் எடுத்துத் தருவார்கள். இடையில் அதைச் சொருகினால் ஒரு வயரைக்கூட வெட்ட வேண்டியதில்லை. அது இல்லையென்று கப்ளரை வெட்டிவிட்டு, வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுகிற வேலையை நிறையப் பார்க்கலாம். அக்னி நட்சத்திர வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் சூடு 60 டிகிரிக்குப் போகும். டேப்பின் பசை உருகி, முறுக்கு அவிழ்ந்து, செம்பு வெளியே தெரியும். இப்படி ஒட்டுப்போட்ட வயரிங்கில் கோளாறு வந்தால் வாரண்டியும் கைகொடுக்காது. வண்டியை விற்கும்போது பழைய செட்டைத் திருப்பி மாட்டவும் வழியிருக்காது.

நெய்வேலிக்கு இன்னொரு தனிச் சிக்கல் உண்டு. இது மின்சாரம் செய்யும் ஊர். சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1962-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. தெருவுக்கு நாலு எலக்ட்ரீஷியன்கள், ஓய்வுபெற்ற ஃபோர்மேன்கள் இருப்பார்கள். கிலோவோல்ட் கணக்கில் பழகியவர்களுக்கு “பன்னெண்டு வோல்ட்தானே, என்ன ஆகிடும்?” என்ற அலட்சியம் இயல்பாக வருகிறது. ஷாக் அடிக்காது என்பது உண்மை. தீப்பிடிக்கும் என்பதும் உண்மை. 300 வாட்ஸ் இழுக்கும் மிக்ஸிக்கு வீட்டின் 230 வோல்ட்டில் ஒன்றேகால் ஆம்பியர் போதும். அதே 300 வாட்ஸ் இழுக்கும் ஆம்ப்ளிஃபயருக்குக் காரின் 13.8 வோல்ட்டில் 22 ஆம்பியர் வேண்டும். வீட்டு லைட் பாயிண்ட்டுக்குப் போடும் ஒன்றரை ஸ்கொயர் வயரை ஆம்ப்புக்கு இழுத்தால் அது ஹீட்டர் கம்பியாகிவிடும். குறைந்தது எட்டு ஸ்கொயர் மில்லிமீட்டர் செம்பு வயர் போட வேண்டும்.

அந்த வயர் வாங்கும்போது நுனியை ஒரு பிளேடால் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளி போலப் பளபளப்பு தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அதே தடிமன் செம்பைவிட அதற்கு மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. விலை மலிவான ‘ஆம்ப் கிட்’ பாக்கெட்டுகளில் இருப்பது பெரும்பாலும் இதுதான். ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆம்ப்பின் மேலேயே ஒரு ஃப்யூஸ் இருக்கிறதே என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். அது ஆம்ப்பைக் காப்பாற்றும். எஞ்சின் அறைத் தகட்டில் உரசி வயர் கிழிந்தால், வயரையும் வண்டியையும் காப்பாற்றுவது பேட்டரி பக்கத்து ஃப்யூஸ் ஒன்றுதான். தகட்டுத் துளையில் ரப்பர் குரோமெட் இல்லாமல் வயரை நுழைக்கக் கூடாது.

எர்த்துக்குப் பெயிண்டைச் சுரண்டி, வெறும் தகட்டில் போல்ட்டோடு முறுக்குங்கள். ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது ஸ்பீக்கரில் ‘உய்ங்’ என்று ஏறி இறங்கும் இரைச்சல் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எர்த்தை. அடுத்தது, பவர் வயரும் சிக்னல் வயரும் ஒரே பக்கமாகப் போகின்றனவா என்பதை. பவரை இடப்பக்கம் இழுத்தால் சிக்னலை வலப்பக்கம் இழுக்க வேண்டும்.

கம்பெனி செட்டில் ஆம்ப்புக்கென்று தனி வெளியீடு இருக்காது. கவலையில்லை. ஸ்பீக்கர் வயரையே உள்ளே வாங்கிக்கொள்ளும் ‘ஹை லெவல் இன்புட்’ உள்ள ஆம்ப்கள் வந்துவிட்டன. இல்லாவிட்டால் இடையில் ஒரு லைன் கன்வர்ட்டர் போடலாம். ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும் டிஎஸ்பி உள்ள ஆம்ப் என்றால், கம்பெனி செட் குறைத்து அனுப்பும் பேஸைப் பெருமளவு சமன்செய்துகொள்ளலாம். உயர்ந்த மாடல்களில் ஏற்கெனவே பிராண்டட் ஆம்ப்போடு வரும் செட்கள் இருக்கின்றன. எக்ஸ்யூவி 700-இல் வந்த 12 ஸ்பீக்கர் சோனி ஓர் உதாரணம். அவற்றைத் தொடாமலிருப்பதே நல்லது.

மஞ்சள் நிறக் கப்ளரோ மஞ்சள் உறை போட்ட வயரோ கண்ணில் பட்டால் கையை எடுத்துவிடுங்கள். அது ஏர்பேக் லைன். வேலை தொடங்குமுன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டியில் முன் கண்ணாடித் தூணில் ட்வீட்டரைத் திணிக்கக் கூடாது.

வேலை முடிந்ததும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. ஓய்வுபெற்ற ஒருவர், மகளைப் பார்க்க வெளிநாடு போய்த் திரும்பியதும் கூப்பிட்டார்: “என்ன தம்பி, புது பேட்டரி, ஆனா வண்டி கிர்ருனுகூடச் சொல்லலை.” “சார், செட்டை யார் போட்டது?” என்றுதான் முதல் கேள்வி. மலிவான ஆண்ட்ராய்டு திரை ஒன்றை வெளியில் எங்கோ மாட்டியிருந்தார்கள். மீட்டரை வைத்தால், வண்டி பூட்டிய பிறகும் அது 0.2 ஆம்பியர் குடித்துக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு 4.8 ஆம்பியர்-மணி; 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரே வாரத்தில் காலி. பூட்டி அரை மணி கழித்து 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே இறங்கினால்தான் வேலை முடிந்தது என்று பொருள். இந்த அளவீட்டைக் கண் முன்னால் செய்துகாட்டச் சொல்லி வாடிக்கையாளர் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

கதவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. டோர் பேடைக் கழற்றினால் ஒரு பாலித்தீன் தாள் கறுப்புப் பசையோடு ஒட்டியிருக்கும். மழைத் தண்ணீர் கண்ணாடி இடுக்கு வழியே கதவுக்குள் இறங்கி, அடியிலுள்ள துளைகள் வழியே வெளியேறும்படிதான் எல்லாக் கதவும் செய்யப்பட்டிருக்கிறது. அந்தத் தண்ணீர் உள்பக்கம் வராமல் தடுப்பது அந்தத் தாள். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு மூடினால் ஐப்பசி மழையில் தரைவிரிப்பு நாறும். தகட்டின் அதிர்வை அடக்க ஒட்டும் ஷீட் பியூட்டைல் வகையாக இருக்கட்டும். தார் ஷீட் மே மாத வெயிலில் இளகி வழியும், வாடையும் போகாது. அடித் துளைகளை ஷீட் மூடக் கூடாது. ஸ்பீக்கருக்கு அடியில் எம்டிஎஃப் வளையம் வைத்தால் ஈரத்தில் ஊதிவிடும், பிளாஸ்டிக் வளையம் போதும். ஸ்பீக்கரை முறுக்குமுன் கண்ணாடியை முழுக்க இறக்கி, காந்தத்தில் இடிக்கிறதா என்று பாருங்கள்.

ஆம்ப்பை சீட்டுக்கு அடியில் வைப்பது வழக்கம். நெய்வேலி இருக்கும் கடலூர் மாவட்டத்தில் அதை இருமுறை யோசிக்க வேண்டும். 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் என்று தண்ணீர் கண்ட மாவட்டம் இது. கார் தரைக்குள் அரை அடி தண்ணீர் ஏறினாலே சீட்டடி ஆம்ப் முடிந்தது. டிக்கியின் பக்கச் சுவரிலோ பின் சீட்டின் முதுகிலோ மாட்டினால் சில அங்குலம் கூடுதல் பாதுகாப்பு.

பணம் குறைவென்றால் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் முன் கதவுகளுக்கு ஷீட், அடுத்து முன் ஸ்பீக்கர், பிறகு ஆம்ப். பின் ஸ்பீக்கரும் ஊஃபரும் கடைசி. ஆம்ப்பின் ‘கெயின்’ திருகை வால்யூம் என்று நினைத்து முழுக்கத் திருப்புகிறவர்கள்தாம் ஸ்பீக்கரை எரிக்கிறார்கள். செட்டை முக்கால் வால்யூமில் வைத்து, ஒலி சிதையத் தொடங்கும் இடத்துக்கு ஒரு படி முன்னால் கெயினை நிறுத்துங்கள். சரிபார்க்க ஊஃபரை அதிரவைக்கும் குத்துப் பாட்டு வேண்டாம். இளையராஜாவின் 1986 இசைத்தொகுப்பான ‘ஹவ் டு நேம் இட்’டைப் போட்டுப் பாருங்கள். வயலின்கள் கூசாமலும் அடியில் ஓடும் பேஸ் கித்தார் தனியாகவும் கேட்டால் வேலை சரி.

கடைசியாக, அக்கம்பக்கத்தைப் பற்றி. நெய்வேலி டவுன்ஷிப்பின் எந்த வட்டத்திலும், எந்த நேரத்திலும் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். இரவு ஷிஃப்ட் முடித்து வந்து பகலில் கண் மூடுபவர்கள் அவர்கள். குடியிருப்புப் பகுதியில் ஒலி பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. ஊஃபரின் அதிர்வுக்கு மூடிய ஜன்னலெல்லாம் தடையே இல்லை. டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டைத் தாண்டி உள்ளே திரும்பியதும் பேஸைக் குறைத்துவிடுங்கள்.